அரை இன்ச் குழாய்

என் சமையலறைப் பரண்மேல் இரும்பு ஊதாங்குழல் ஒன்று கிடக்கிறது. விறகடுப்பு போய் காஸ் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் அதை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. பிறவியில் அது ஊதாங்குழலும் அல்ல. எங்கள் பழைய குளியலறைச் சுவரில் தண்ணீர் கொண்டுவந்த அரை இன்ச் குழாயின் துண்டு. அதை எனக்குக் கொடுத்தவர் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த எழுபதுகளில்தான் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். மாமனார், மாமியார், அண்ணன் தம்பி இருவர் குடும்பம், வேலை தேடி வந்து தங்கும் உறவுக்காரர்கள் என்று எந்நேரமும் வீடு கல்யாண வீடாகவே இருக்கும். பெண்களுக்குக் குளியலறை என்றால் கிணற்றடி ஓலைத்தட்டிதான். ஆண்கள் எழுவதற்குள் நான்கு சொம்பு ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு ஓடிவந்துவிட வேண்டும். அக்கா அதிகம் பேசாதவர். ஒருநாள் மாவாட்டிக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்: "எனக்கு நக வேணாம், புடவ வேணாம்மா. தாப்பா போட்டுக்கினு, யாரும் கூப்டாம கொஞ்ச நேரம் தனியா ஒக்காரணும். இந்த ஊட்ல அதுக்கு ஒரு எடம் இல்ல." எனக்கும் அதே ஏக்கம் இருந்ததால் அந்தப் பேச்சு மனதில் நின்றுவிட்டது.

அக்காவின் கணவரை நாங்கள் பெரியவர் என்போம். கம்பெனியில் ஃபிட்டர். தானே குளியலறை கட்டி, அதன் தலைமேலேயே தொட்டியும் கட்டினார். குழாய் வாங்கப் போனபோது கடைக்காரர் முக்கால் இன்ச் எடுத்துப் போட, இவர் ஒதுக்கிவிட்டாராம். "பைப்பு சின்னதா இருந்தாத்தான் தண்ணி வேகமா அடிக்கும். நான் டெய்லி பாக்கறேன்" என்றாராம். அவர் பார்த்தது உண்மைதான். கம்பெனியில் மெஷின் கழுவும் மெல்லிய குழாயில் தண்ணீர் அடித்தால் துருவே உரிந்து வரும். ஆனால் அங்கே பின்னால் நின்று தள்ள ஒரு பம்பு இருந்தது. எங்கள் வீட்டிலோ ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு தொட்டி, அவ்வளவுதான். அதே குழாயிலிருந்து சமையலறைக்கும் ஒரு கிளை வேறு இழுத்திருந்தார். முதல்நாள் குடும்பமே கூடி நிற்க, தண்ணீர் நூலாக இறங்கியது. மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னாடா நைனா, கொயந்த ஒண்ணுக்குப் போற மாரி வருது" என்றார். பெரியவர் முகம் சுண்டிப்போனது. அதன்பிறகு அவர் எதிரில் யாரும் குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை.

அக்கா மட்டும் குறையே சொல்லவில்லை. ஆண்கள் வேலைக்குப் போனதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். யாராவது கூப்பிட்டால், "பக்கெட்டு ரொம்பல" என்று குரல் மட்டும் வரும். யார் என்ன சொல்ல முடியும்? குற்றம் குழாய்மேல், குழாயைப் பேசினால் பெரியவருக்குக் கோபம் வரும். வெளியே வரும்போது அக்காவின் முகம் தூங்கி எழுந்த குழந்தையின் முகமாக இருக்கும். அடுத்து நான் போவேன்.

ஷிஃப்டுக்குக் கிளம்பும் ஆண்கள் அந்த நூல் தண்ணீரில் குளிக்க முடியாமல் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் முக்கால் இன்ச் குழாய்களோடு வந்து சுவரைக் கொத்தத் தொடங்கினார். அக்கா டீயோடு போய் நின்று, "இப்ப கீற பைப்பே போதுமே, இன்னாத்துக்கு சொவர ஒடைக்கிறீங்க?" என்றார். தன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, பெரியவர் குரல் இளகிவிட்டது. "ஒனக்காவத்தாம்மே மாத்தறேன். தெனம் நீதான அதுல பேஜாரு படற" என்றார். அக்கா டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதுக் குழாயில் தலைமுடியை அவிழ்ப்பதற்குள் வாளி நிரம்பிவிடும். மறுநாள் அக்கா உள்ளே போனார். நான் வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியான ஷிஃப்டு என்பதால் பெரியவர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தடதடவென்று விழுந்தது. சட்டென்று அடங்கியது. பிறகு பழையபடி நூலாக விழும் சத்தம். பெரியவர் பல் தேய்ப்பதை நிறுத்திக் காது கொடுத்தார். குழாயைத் திருகிக் குறைத்திருப்பது அவருக்கா தெரியாது? மாமியார் வீட்டுக்குள்ளிருந்து, "இன்னும் இன்னா பண்றா இவ? புதுப் பைப்பும் இப்டித்தானா?" என்றார். பெரியவர் மூடிய கதவைப் பார்த்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, "தொட்டில தண்ணி கம்மிம்மா. மெதுவாத்தான் வரும், உடு" என்றார். சற்றுமுன் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பியவரே அவர்தான்.

நாங்கள் அத்திப்பட்டுக்குத் தனிக்குடித்தனம் கிளம்பியபோது சுவரிலிருந்து கழற்றிய பழைய குழாயில் எடுத்துவைத்திருந்த துண்டை அக்கா என் கையில் கொடுத்தார். "அடுப்பு ஊதிக்க" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். இப்போது அக்காவும் இல்லை, பெரியவரும் இல்லை.

போன வாரம் என் மருமகள் குளியலறையில் இருந்தாள். கதவுக்குப் பின்னால் நூலாகத் தண்ணீர் விழும் சத்தம். கைக்குழந்தையோடு நின்ற என் மகன், "இன்னாம்மா, தண்ணி சரியா வரல போலகீது. பிளம்பரக் கூப்டட்டா?" என்றான். என் கண் பரணுக்குப் போனது. "தொட்டில தண்ணி கம்மிடா. மெதுவாத்தான் வரும்" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். மாடியில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.