பூசணம் பிடித்த மரங்களும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, இதைப் படித்து உங்களில் சிலர் மனம் நோகலாம். நோகட்டும். உடன்பிறந்த தம்பி நான், மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தையாகக் கப்பலேறி மலாயாவுக்கு வந்து, கோலா கங்சாருக்கு அருகே ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தார். அத்தான் காலமான பிறகு, அவர் விட்டுச்சென்ற, கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்கள் நின்ற சிறு நிலத்தில் தாமே பால்மரம் சீவிப் பிழைத்தார். பிள்ளைகள் இல்லை. பக்கத்து நிலம் எங்கள் சின்ன மாமாவுடையது.

ஒரு மழைக்காலத்தில், சீவிய இடத்தில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்து, பட்டை கறுத்து அழுகியது. விவசாய இலாகாவிலிருந்து வந்தவர் ஒரு மருந்தைக் காட்டினார். அதை வெட்டில் பூச வேண்டும், உளியையும் அதில் கழுவ வேண்டும், மரத்தைச் சில வாரம் சீவாமல் விட வேண்டும் என்றார். ஊரே சிரித்தது. அக்கா சிரிக்கவுமில்லை, உடனே நம்பவுமில்லை. ஒரு வரிசைக்குப் பூசினார். அடுத்த வரிசையைப் பூசாமல் விட்டார். பூசிய வரிசையில் புதுப்பட்டை கட்டியது. மாமாவை அழைத்து இரண்டையும் காட்டினார்.

“மரத்த சும்மா போட்டுட்டு வாயில மண்ணயா போட்டுக்கறது? வெள்ளக்காரன் மருந்து மரத்தயே கொன்னுரும்” என்றார் மாமா.

“உங்க மரத்துலேருந்துதான் மாமா எனக்கு மறுபடி பரவுது. ரெண்டு பேரும் சேந்து பூசினாத்தான் போவும்.”

“பொம்பள நீ எனக்கு மரம் சீவச் சொல்லித் தாரியா?”

சுற்றி நின்ற உறவினர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதோடு விட்டார்களா? நோயைக் கொண்டுவந்ததே அக்காவின் மருந்துத் தகரம்தான் என்று கோயில் வாசலில் பேசினார்கள்.

அடுத்தடுத்த மழையில் மாமாவின் மரங்களில் சீவப் பட்டையே இல்லாமல் போயிற்று. அப்போதுதான் அக்காவுக்கு ஆள் அனுப்பினார்.

“போவாதீங்கக்கா” என்றேன்.

“மரம் என்ன செஞ்சுச்சு தம்பி?” என்று தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

மழை ஓய்ந்த நேரமெல்லாம் பூசினார். பெய்த நேரமெல்லாம் ஈரச் சேலையோடு மரத்தடியில் நின்றார். ‘உள்ளே வா’ என்று அந்த வீட்டில் யாரும் கூப்பிடவில்லை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. ஈப்போ ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தபோதும், “மாமா மரத்துக்கு இன்னொரு தரம் பூசணும்” என்றார். அதுவே அவருடைய கடைசிப் பேச்சு.

இன்று ஊரில் மருந்து பூசாத நிலம் இல்லை. யாரைப் பார்த்துப் பூசினீர்கள் என்று கேட்டால், “மாமா பூசினாரு, நாங்களும் பூசினோம்” என்கிறீர்கள். மாமாவும் தலையாட்டுகிறார்.

வண்டி கட்டி அக்காவை ரயிலடிக்குக் கொண்டுசேர்த்த அண்டை வீட்டு மலாய்க்காரருக்கும், ஆஸ்பத்திரியில் கடைசிவரை அவர் கையைப் பிடித்திருந்த ஆயாம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. பாடை தூக்கியவர்களில் முன்னால் நின்றவர் மாமா. தம் பெயரையும் இங்கே சேர்க்கச் சொன்னார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.