கிளினிக்கில் போட்ட மொட்டை பழனிக்குச் சேராது

முருகனை நம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், எனக்குக் கவலையில்லை.

கொல்கத்தாவில், சால்ட் லேக்கில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் வேலை. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். நாற்பது வயது ஆகவில்லை, அதற்குள் முன்மண்டை மொத்தமும் வழுக்கை. ஒருநாள் பஸ்ஸில் ஒரு காலேஜ் பையன் எழுந்து, "தாது, பொஷுன்" என்று இடம் கொடுத்தான். தாத்தா, உட்காருங்கள் என்கிறான். அன்றைக்கே முடிவு செய்தேன். ஜாதவ்பூர் பக்கம் ஒரு கிளினிக்கில் முடி நட்டுக்கொண்டேன்.

நடுவதற்கு முன்னால் தலையை முழுக்க மழித்தார்கள். அப்போது ஒரு வேலை செய்தேன். மகள் பிறந்தபோது பழனிக்கு வேண்டிக்கொண்ட மொட்டை பாக்கி இருந்தது. நட்ட முடியை யாராவது எடுப்பார்களா? "முருகா, இந்த மொட்டையையே வைத்துக்கொள்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன்.

சில வாரத்தில் நட்ட முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில், துண்டில், சோப்பில். குளிக்கவே பயந்தேன். டாக்டரிடம் ஓடினேன். முதலில் உதிரும், வேர் உள்ளே இருக்கும், சில மாதத்தில் திரும்ப முளைக்கும், இதை முன்பே சொன்னேனே என்றார். சொன்னார்தான். சொல்லிவிட்டுத் திருடினால் திருட்டு இல்லையா? கிளினிக்கைக் காட்டிய அலுவலக நண்பன் தத்தாவுக்குக் கமிஷன் போயிருக்கும் என்று நினைத்தேன். அவனோடு டீ குடிப்பதை நிறுத்தினேன். கண்ணாடி முன்னால் நின்று அழுதேன்.

என் மனைவி மீனா ஒரே வரியில் முடித்தாள். "மழிச்சது கிளினிக்காரன், காணிக்கை மட்டும் முருகனுக்கா? அவரு என்ன ஏமாளியா?"

அதன்பிறகு முருகன் மேலேயும் சந்தேகம். பழி வாங்குகிறானோ?

சாந்த்ராகாச்சியில் வேறொரு கிளினிக்காரன் உடனே மறுபடி நட்டுத் தருவதாகச் சொன்னான். பின்மண்டையில் மிச்சம் இருப்பதிலிருந்து எடுக்க வேண்டுமாம். அதுவும் போனால் எனக்கு எடுத்து நட ஒன்றும் இல்லை. தெரிந்தும் ஒத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வரச் சொன்னான்.

ஞாயிறு கிருத்திகை. தெற்குக் கொல்கத்தாவில் நம்மவர்கள் கூடும் முருகன் கோயிலுக்குத் தொப்பியோடு போனேன். சன்னிதியில் கழற்றத்தானே வேண்டும். கழற்றினேன். முருகனிடம் முடி கேட்கவில்லை. கிளினிக் மொட்டை சேராது, ஒத்துக்கொள்கிறேன், பழனிக்கு வருகிறேன், அந்த ஜாதவ்பூர் டாக்டர் ஏமாற்றுக்காரனா இல்லையா என்று மட்டும் இன்றைக்கே காட்டு என்றேன். பிரார்த்தனை மாதிரி இல்லை, சண்டை மாதிரி இருந்தது.

வெளியே பிரசாதம் கொடுத்தவர் என் தலையையே பார்த்தார். முறைத்தேன். அவர் பொங்கலைத் தொன்னையில் வைத்தபடி மெதுவாகக் கேட்டார்.

"சார், நட்ட முடி கொட்டுதா? எனக்கும் கொட்டுச்சு."

பெயர் சண்முகம், துறைமுகத்தில் வேலை, கோவில்பட்டிக்காரர். போனில் தன் பழைய படத்தைக் காட்டினார். என்னைவிட மோசம். இப்போது நல்ல அடர்த்தி. விக்காக இருந்தால்? இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேவிட்டேன்.

"தாராளமா. எங்க வீட்டம்மா கோவம் வந்தா இழுக்கத்தான் செய்றா, இதுவரைக்கும் கையோட வரலை."

தலையைக் குனிந்தார். வரிசையே பார்க்க இழுத்தேன். வரவில்லை.

அவருக்கு நட்டவர் வேறு ஊர், வேறு டாக்டர். ஆனால் என் டாக்டர் சொன்னதையேதான் அந்த டாக்டரும் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது சண்முகம், "அவசரப்பட்டு மறுபடி மட்டும் கை வச்சிராதீங்க" என்றார். திங்கட்கிழமை விஷயம் நான் அவரிடம் சொல்லவே இல்லை. அங்கேயே நின்று சாந்த்ராகாச்சிக்காரனுக்குப் போன் செய்து வரமாட்டேன் என்றேன்.

துர்கா பூஜைக்குப் பந்தல் கட்டத் தொடங்கிய சமயம், நெற்றிக்கு மேலே மெல்லிசாக ஏதோ தெரிந்தது. நம்பவில்லை. மீனாவைக் கூப்பிட்டேன். வெளிச்சத்தில் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "முடிதான்" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

இப்போது சீப்பு போட்டு வாருகிறேன். தத்தாவோடு மறுபடி டீ குடிக்கிறேன். நன்றாக வேர் பிடித்துவிட்டது, இனி மழித்தாலும் திரும்ப வளரும் என்று டாக்டர் சொன்னதும் பழனிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

என் சந்தேக புத்தி அடியோடு போகவில்லை. காய்கறிக்காரன் தராசை இன்னும் முறைத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் முருகனிடம் போவதற்குச் சந்தேகம் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டேன். உங்கள் கோபத்தையும் கேள்வியையும் அப்படியே எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். சண்டை போட வந்த எனக்கே பதில் சொன்னவன், உங்களுக்குச் சொல்ல மாட்டானா?