மஞ்சள் நூல் கோழிகள்

அந்தத் தோட்ட உணவகத்தில் அன்னக்கொடி வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இதுவரை அங்கே அவர் ஒரு வேளைகூடச் சமைத்ததில்லை.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது உணவகம். வாசலில் ஓர் அம்மி. அதன் முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்கள் படமெடுக்கும்படி மிளகாய் அரைப்பதுதான் நாற்பத்தாறு வயது அன்னக்கொடியின் வேலை. அரைத்ததைச் சாயங்காலம் கீழே கொட்டிவிடுவார்கள். குழம்புக்குப் பாக்கெட் பொடி. பரவை மார்க்கெட்டிலிருந்து வரும் காய்களின்மேல் கொஞ்சம் மண்ணைத் தூவிக் கூடையில் அடுக்குவார்கள். அந்த மண்ணைக் கண்டதும் நகரத்துக்காரர்கள் உருகிப்போவார்கள்.

"எங்க வீட்ல காய மண்ணோட வச்சா மாமியா வெளுத்துருக்கும்" என்பார் அன்னக்கொடி.

முதலாளி சூர்யபிரகாஷ் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துச் சலித்தவர். விவசாயத்தைக் காப்பாற்ற வந்திருப்பதாகச் சொல்வார். ஆமணக்கைக் காட்டிப் பருத்தி என்று விளக்கியவரும் அவர்தான்.

கோழி மேய்ந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று அவர் கேட்டதால், அன்னக்கொடி தன் வீட்டுக் கோழிகள் ஏழையும் ஒரு செவலைச் சேவலையும் கொண்டுவந்து விட்டார். சேவல் சாமிக்கு நேர்ந்துவிட்டது. மகள் அஸ்வினி டெங்குவில் கிடந்தபோது கருப்பசாமிக்குச் சொன்ன வாக்கு. சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் அறுக்க வேண்டும். அதன் அடையாளம், காலில் கட்டிய மஞ்சள் நூல்.

சூர்யபிரகாஷுக்கு அந்த நூல் பிடித்துப்போயிற்று. மற்ற ஏழு கோழிகளுக்கும் வாங்கிக் கட்டினார். அன்னக்கொடி தடுத்துப் பார்த்தார். "இது நம்ம பிராண்ட் அக்கா" என்றார் முதலாளி. 'மஞ்சள் நூல் கோழி: எங்கள் தோட்டத்தில் மேய்ந்தது' என்று வாசலில் பலகையும் வைத்தார். இலையில் விழுந்ததோ, மெயின் ரோட்டுக் கடையிலிருந்து பையில் வந்த பிராய்லர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரத்து ஜவுளிக்கடைக்காரர் வெங்கடேஷ்பாபு குடும்பத்தோடு வந்தார். "டவுன்ல எங்கயும் இந்த ருசி கிடையாது" என்று வறுவலைக் காலி செய்தார். பிறகு மோதிரம் போட்ட விரலைச் சேவல் பக்கம் நீட்டி, "அந்தச் செவலை வேணும். கண்ணு முன்னாடி அறுங்க" என்றார். சூர்யபிரகாஷ் தலையாட்டினார். காரில் வருகிற யாருக்கும் அவர் இல்லை என்று சொன்னதில்லை.

அன்னக்கொடி எழுந்துபோய்ச் சேவலைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"தரமாட்டேன் சார். கருப்புக்கு நேந்தது."

"வேற ஒண்ண நேந்துக்கங்கக்கா. நான் வாங்கித் தாரேன்."

"மாத்தியாச்சுன்னு சாமிகிட்ட நீங்க வந்து சொல்றீகளா?"

"குடுங்க. இல்லாட்டி நாளையிலருந்து வராதீங்க."

"வரல. எம்பிள்ள உசுருக்குச் சொன்னது இது. நூலு கட்டிருக்குல்ல, தெரியல?"

வெங்கடேஷ்பாபுவின் மனைவி மீனலோசனி நூலைப் பார்த்தார். பிறகு, மேய்ந்துகொண்டிருந்த கோழிகளின் கால்களைப் பார்த்தார்.

"எல்லாத்துக்குமே கட்டிருக்கே. அப்ப நாங்க இம்புட்டு நேரம் தின்னது?"

கணவர் இலையிலிருந்து கையை எடுத்தார். அடுத்த மேசைக்காரரும் எடுத்தார். "சாமி கோழியவா ஆக்கிப் போட்ட?" என்று அவர் எழுந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்தது.

"சத்தியமா இல்லைங்க" என்றார் சூர்யபிரகாஷ். "நீங்க சாப்பிட்டது பிராய்லர். கடையில வாங்குனது."

சொன்னது என்னவென்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"பிராய்லர் திங்கவா இம்புட்டு தூரம் பெட்ரோல் போட்டு வந்தேன்?" என்றார் வெங்கடேஷ்பாபு. ருசியைப் பற்றி அவர் அதற்குமேல் பேசவில்லை.

அன்னக்கொடி அன்றே எட்டையும் கூடையில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ஏழின் நூலை அறுத்தெறிந்தார். மூன்றாம் நாள் சூர்யபிரகாஷ் போன் செய்து, அம்மி சும்மா கிடக்கிறது என்றார். சிவராத்திரி முடியட்டும், பார்க்கலாம் என்று அன்னக்கொடி சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.