கரும்புக்குள் ஒரு சீரியல் ரசிகர்

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு ஆளை உயிரோடு கொளுத்தியிருப்பேன். மிகைப்படுத்தவில்லை.

மூங்கில்துறைப்பட்டு பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இந்தப் பத்தியில் புலம்பியே பாதி வாரங்களை ஓட்டியிருக்கிறேனே! ஒருவழியாகச் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டுக்கு உத்தரவு வந்தது. முனுசாமியும் அவர் மனைவி அஞ்சலையும் இன்னும் ஆறு பேரோடு வந்து இறங்கினார்கள்.

முனுசாமிக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல வேலைக்காரர். ஒரே ஒரு பைத்தியம் — செல்போனில் சீரியல். மாமியார் மருமகள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டு விண்வெளி சீரியல்! வருஷக்கணக்காக ஓடுகிறதாம். நடிகர்கள் ரிட்டயர் ஆனாலும் கதை ரிட்டயர் ஆகவில்லை. இப்போது தமிழ் டப்பிங்கில் வருகிறது. அதில் ஒரு பல்லி இனம். செதில் உடம்பு, இமைக்காத கண், கோட்டு, பூட்ஸ்... டப்பிங் புண்ணியத்தில் மேடைப் பேச்சாளர் மாதிரி செந்தமிழ் வேறு!

“அதுங்கதான் வில்லனா?” என்று கேட்டுவிட்டேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா சார் நீங்க! அதுங்க இன்னா பண்ணுச்சி? எறங்குன ஒடனே மூஞ்சியப் பாத்துட்டு சுட்றானுங்க சார். இன்னாத்துக்கு வந்தீங்கன்னு ஒரு வார்த்த கேக்க வாணாம்?”

“வூட்ல அரிசி கீதா இல்லியான்னு இவுருக்குத் தெரியாது. பல்லிக்கு வக்காலத்து வாங்கிக்கினு கீறாரு” என்றார் அஞ்சலை. வேலை நேரத்தில் போனைப் பிடுங்கித் தன் பையில் வைத்துவிடுவது அவர் வழக்கம்.

எங்கள் பக்கத்தில் வெட்டுக்கு முன்னால் சோகைக்குத் தீ வைப்பார்கள். சோகை என்றால் கரும்பின் காய்ந்த இலை. கையைக் கிழிக்கும். அடியில் பாம்பு கிடக்கும். வைக்கக்கூடாது என்றுதான் சொல்கிறார்கள்... தலையாட்டிவிட்டு வைக்கிறோம். மூன்று பக்கம் வைத்து, வாய்க்கால் பக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம். ஜீவகாருண்யமா? அதெல்லாம் இல்லை. முயல், உடும்பு எல்லாம் அந்த வழியாகத்தான் ஓடிவரும். கம்போடு நின்றால் மதியக் குழம்புக்கு ஆச்சு!

வைப்பதற்கு முன் சுற்றிவந்து குரல் கொடுக்கவேண்டும். கொடுத்தேன். “உள்ள யார்னா கீறீங்களா?” — மூன்று தடவை. பதில் இல்லை. நான் ஒரு பக்கம், ஆட்கள் இரண்டு பக்கம் பற்றவைத்தோம்.

காய்ந்த சோகை பிடித்தால் சும்மா இருக்குமா? படபடவென்று வெடித்துக்கொண்டு ஏறியது. மேற்கே கல்வராயன் மலையே தெரியாத அளவுக்குப் புகை. கம்பை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய் எல்லோரோடும் நின்றேன். மோட்டார் கொட்டகையிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த அஞ்சலை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“எங்கூட்டுக்காரரு எங்க?”

யாருக்கும் தெரியவில்லை.

“பையில போனு இல்லியே... ஐயோ, எனக்குத் தெரியாம உள்ள குந்திக்கினு அந்தப் பல்லியப் பாக்குறாரோ! காதுல வேற மாட்டிக்குவாரே!”

குடம் விழுந்தது. தீயைப் பார்த்து ஓடியவரை இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்தார்கள். எனக்கு? கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. “முனுசாமி, முனுசாமி” என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன். தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

வாய்க்கால் ஓரம் சலசலத்தது. உடும்பு ஒன்று — நல்ல நீளம் — வெளியே பாய்ந்தது. ஒரு கம்பு இறங்கியது. அதற்குப் பின்னாலேயே, நாலு கால் பாய்ச்சலில்... முனுசாமி!

புருவம் பொசுங்கியிருந்தது. சட்டையில் ஓட்டை ஓட்டையாகத் தீப்பொறி பட்ட தடம். ஒரு காதில் இன்னும் இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலை அவரை நாலு அறை விட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

இரண்டு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் முனுசாமிக்குப் பேச்சு வந்தது.

“நீங்க கூப்ட்டது காதுலயே வுழல சார். உடும்பு ஒண்ணு கால் மேல ஏறி ஓடுச்சி. நிமுந்து பாத்தா சுத்தி நெருப்பு. பொகையில எந்தப் பக்கம் போவறதுன்னே தெரில. அது வாலையே பாத்துக்கினு பின்னாலயே ஓடியாந்தேன். அது மட்டும் இல்லாங்காட்டி நான் இல்ல சார்.”

எங்கே போனது அது என்று எழுந்து தேடினார். வாய்க்கால் கரையில், தலை நசுங்கிக் கிடந்தது.

“அத்த யாரு அடிச்சது?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கையில் கம்பு இருந்தால் கை முந்திக்கொள்கிறது... கண்ணும் புத்தியும் அப்புறம்தான் வந்து சேர்கின்றன. அன்றைக்கு அந்த உடும்பை யாரும் குழம்பு வைக்கவில்லை. முனுசாமி மண் தோண்டிப் புதைத்தார். புதைக்கிற வரை இன்னும் இரண்டு தடவை கேட்டார்.

முனுசாமி இந்தப் பத்தியைப் படிக்கிறவர் இல்லை. யாராவது படித்துக் காட்டுங்கள் — அடித்தது நான்தான்.