மேசையில் கிடந்த மூடி

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன்.

யூரோ வந்த புதிதில், ஜேர்மனியில் ரைன் நதிக்கரைப் படகுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தேன். ஆறுகளில் சிறப்புப் படையினரை ஏற்றிச் செல்லும் சிறிய இராணுவப் படகுகளை அங்கே செய்தோம். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த சிவத்தை வெள்ளோட்டத்துக்குத் தெரிந்தெடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. படகின் அடியில், உள்ளே தேங்கும் நீரைக் கரையில் வைத்து வடிக்கும் துளையின் மூடியை மாட்ட மறந்து, அவன் வேலை மேசையிலேயே விட்டிருந்தான். கண்டேன். எல்லார் முன்னாலும் அவமானப்படட்டும் என்று பேசாமல் நின்றேன்.

நடு ஆற்றில் படகு தாழத் தொடங்கியபோதுதான் "முருகா!" என்று கத்தினேன். சிவம் எப்படியோ நீந்திக் கரை சேர்ந்தான்.

நனைந்தபடியே சிரித்தான். "உங்களையும் ஏத்தச் சொல்லிக் கேட்டனான், அண்ணை. இடமில்லை எண்டிட்டாங்கள். நல்லகாலம், உங்களுக்கு நீந்தவும் ஏலாது!"

இன்றும் திருநீறு பூசும்போது அவன் சிரிப்பு நினைவுக்கு வருகிறது. இதை யாருக்காவது சொன்னால், நான் மூடியைக் கவனிக்கவில்லை என்று மாற்றிவிடாதீர்கள். கண்டும் பேசாமல் நின்றான் என்றே சொல்லுங்கள்.