கோட்டைக் கல்லில் எங்கள் மாட்டுக்குறி

சுட்ட மயிரும் தோலும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. நெடுந்தீவில் எல்லா வீட்டு மாடுகளும் வெளியில் கலந்து மேய்வதால் வீட்டுக்கு ஒரு "குறி" உண்டு. எங்களுடையது வட்டத்துக்குள் ஒரு சூலம். காய்ச்சிய இரும்பால் அதைக் கன்றுகளின் தொடையில் வைப்பவர் என் அண்ணை. ஒரு வீட்டுக் குறியை இன்னொரு வீடு கனவிலும் வைக்காது.

அந்த அண்ணை இரண்டாம் உலக யுத்தம் நடந்தபோது வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து திருகோணமலைக்குப் போனார். அங்கே குண்டு விழுந்ததென்று வள்ளக்காரர் சொன்ன பிறகு மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. வள்ளம் வரும் நேரமெல்லாம் அம்மா துறையில் நின்றாள்.

அந்த நாட்களில்தான் எங்கள் வகுப்பு வாத்தியார், "சட்டம்பியார்", எங்களைத் தீவின் பழைய கோட்டையைப் பார்க்கக் கூட்டிப்போனார். மலையைப் புத்தகப் படத்தில் மட்டுமே கண்ட எங்களுக்கு அந்த இடிந்த கோட்டையின் மேல்மாடிதான் இமயமலை. அதில் ஏறிக் கத்தி ஓய்ந்து நாங்கள் இறங்கியதும் அவர் முற்றத்துக் கல்லொன்றைக் காட்டி, "இது சண்டையிலை செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்மாருக்கு வைச்ச ஞாபகக்கல். செத்த ஆக்களைக் கல்லிலை வெட்டிவைக்கிறது அவையின்ரை வழக்கம்" என்றார். தேய்ந்த எழுத்துகளுக்குக் கீழே, வட்டத்துக்குள் சூலம்.

வெள்ளைக்காரனுக்குத் தமிழில் பெயர் வெட்டத் தெரியாது, அதனால் குறியை வெட்டியிருக்கிறான், அண்ணை செத்துப்போனார் என்று என் எட்டு வயது மூளை அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டது. சொன்னால் அம்மாவும் செத்துப்போவாள் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு "நாவூறு" என்று மூன்று முறை செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், வலது கையில் கட்டோடு அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார். காயத்தால் எழுத முடியவில்லையாம். வேறு ஆள் எழுதினால் அம்மா பயந்துவிடுவாள் என்று சும்மா இருந்தாராம். நான் ஓடிப்போய் அவர் முதுகில் குத்தினேன். "செத்துப்போனியள் எண்டெல்லோ நினைச்சனான்! கோட்டைக் கல்லிலை எங்கடை குறி கிடக்குது!"

அண்ணை தலையைக் குனிந்தார்.

"போக முதல் நான்தான் வெட்டினனான். திரும்பி வராட்டி, என்ரை எண்டு ஒரு கல்லாவது இஞ்சை கிடக்கட்டும் எண்டு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவை நாங்கள் "ஐயா" என்போம்; அவர்தான் கத்தினார். "உயிரோடை இருக்கிறவனுக்கு என்ன கல்? போய்ச் சுரண்டிப்போட்டு வந்து சோத்திலை கையை வை!"

நானும் போனேன். அண்ணை இடது கையால் உளியைப் பிடிக்க, நான் சுத்தியலால் அடித்தேன். வெள்ளைத் தூள் முகமெல்லாம் அப்பியது. அன்றைக்கு நான் இரண்டு கோப்பை சோறு தின்றேன்.

போன வருடம் அந்தக் கோட்டைக்குப் போனேன். மேல்மாடி விழுந்துவிட்டது. குறி சுடுவாரும் இல்லை; எண்பது தாண்டி, பேரப்பிள்ளைகளைக் கண்டு போய்ச் சேர்ந்த அண்ணையும் இல்லை. கல் மட்டும் கிடந்தது. கைத்தடியைச் சாத்திவிட்டுக் குனிந்து தடவினேன். எழுத்துகளுக்குக் கீழே விரல் நுனி அளவு பள்ளம், வேறொன்றும் இல்லை. இல்லாமல் போன எல்லாவற்றுக்கும் வருத்தப்படுகிற நான், இந்த ஒன்றுக்கு மட்டும் "நல்லகாலம்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.