கை வருது

"கை வருதும்மா" என்று சொல்லாமல் அவள் யார் முகத்தையும் தொடமாட்டாள். நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண்ணின் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் கையை நிறுத்தி, அதைச் சொல்லிவிட்டுத்தான் பவுடரை ஒற்றுவாள். அப்புறம் நூல் முனையைப் பல்லில் கடித்துவிட்டால் புருவம் முடியும்வரை வாய் திறக்கமாட்டாள். அழகு நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது. "கைவருதக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள்.

"கை வராம காலா வரப்போகுது, எதுக்குக்கா தடவைக்குத் தடவை சொல்றீங்க?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்.

"திடீர்னு வந்தா பயந்துடுவீங்கல்ல."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கென்ன, சிரிப்பாள். முகத்துக்கு நேரே ஒரு கை வந்தால் அது தடவிக்கொடுக்கத்தான் வரும் என்று நம்புகிற வீட்டில் பிறந்தவள்.

மூன்று நாற்காலிகளில் சுவரோரம் இருப்பதுதான் கைவருதக்காவுக்கு வேண்டும். அதன் கண்ணாடியில் வாசல் கதவு தெரியும். நூல் புருவத்தில் ஓடும், கண் கதவில் இருக்கும். இருந்தும் இன்றுவரை ஒரு முடிகூடத் தப்பாகப் பிடுங்கியதில்லை. ஆனால் யாராவது கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடி மேடையில் 'டக்'கென்று வைத்தால் போச்சு, நூல் பல்லோடு அறுந்துவிடும். அவள் புருஷன் கை ஓங்குவதற்கு முன் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிற பழக்கம் உள்ளவன். கடிகாரக் கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே! பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த மனுஷன்.

ஒரு மத்தியானம் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வந்தவள். இப்போது அழகு நிலையத்துக்கு மாடியில் ஒற்றை அறை. கதவுக்கு உள்பக்கம் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஜெபமாலையைக் கையில் எடுப்பாள். அவன் தேடி வந்துவிடுவானோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் மேலே இருக்கிறவரைப் பற்றியது. "பீடத்துக்கு முன்னால குடுத்த வாக்குடி. அடிச்சாரு, ஒதைச்சாருன்னு அங்க போய் கணக்குச் சொல்லுவியா?" என்று அம்மா போனில் கேட்டதும், போனை வைத்துவிட்டு ஜெபமாலையை மறுபடி முதலிலிருந்து உருட்டினாள். இன்னமும் அவனை 'அவரு' என்றுதான் சொல்கிறாள்.

பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு அவள் ஏறி இறங்காத மாதா கோயில் இல்லை. "சாமி, புருஷனை விட்டுட்டு வந்துட்டேன்" என்பாள். சாமியார் காரணம் கேட்பார். சொன்னதும், "அது பாவமில்லம்மா. வேற ஏதாவது இருந்தா சொல்லு" என்பார். வேறு என்ன இருக்கிறது? ஒரு வயதான சாமியார் மட்டும், பாவம், இவள் விடமாட்டாள் என்று கண்டு, பரிகாரமாக மூன்று 'அருள்நிறை மரியே' மந்திரம் சொல்லச் சொன்னார். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு வெறும் மூன்றா! இவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று முடிவு கட்டி, அடுத்த வாரம் வேறு கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சாமியார்களின் பேச்சை அவள் நம்பாததற்குக் காரணம் உண்டு. இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை வாங்க, ஆண்டவரின் உடலாகிய அப்பத்தை வாங்க, வரிசையில் நின்றாள். முறை வந்தது. அப்பத்தை நாக்கில் வைக்கச் சாமியார் கையை உயர்த்தினார். அவ்வளவுதான், அவள் முழங்கை தானாக மேலே பாய்ந்து முகத்தை மறைத்தது. அப்பம் தட்டுப்பட்டுத் தரையில் விழுந்தது. சாமியார் குனிந்து எடுத்தார், "பரவால்லம்மா" என்றார். அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. அன்றிலிருந்து பூசைக்குக் கடைசி பெஞ்சு. நன்மை நேரத்தில் எல்லாரும் எழுந்து போக, அவள் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருப்பாள்.

அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் பேங்க் அக்கா. வங்கியில் வேலை, அடர்ந்த புருவம், ஓயாத வாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சாமியாருக்குப் பக்கத்தில் நின்று நன்மை கொடுக்கிறவரும் அவர்தான்.

"நீ ஏன் முன்னால வர்றதே இல்ல?" என்றார் ஒரு நாள், நாற்காலியில் சாய்ந்தபடி. பல்லில் நூல் இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்று நூல் அறுந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆண்டவருக்கே நான் வேணாங்க்கா. வாய்வரைக்கும் வந்துட்டு, கீழ விழுந்துட்டாரே."

"அவரு எங்க விழுந்தாரு? நீதான் தட்டிவிட்ட."

"என் கை தானாத் தூக்குச்சுக்கா. சத்தியமா நான் தூக்கல."

"பின்ன யாரு தூக்குனா? ஆண்டவரா, உன் புருஷனா?"

அவள் கண் நிறைந்தது. புது நூலைப் பிரித்தாள்.

"சரி, நாக்குல வேணாம். கையில வாங்கிக்கயேன்."

"அவரு வீட்டுத் தாழ்ப்பாளத் தொறந்துட்டு வந்த கைதாங்க்கா இது. இதுல எப்படி வாங்குவேன்?"

பேங்க் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அழாதடி. ஒரு புருவம்தான் முடிஞ்சிருக்கு, இப்படியே எப்படி நான் பேங்குக்குப் போறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம என் வரிசையில வா."

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது அவளுக்கு ஆகாது. பின்னால் நின்றவன் இருமியபோது உயிரே போய் வந்தது. இந்தத் தடவையும் விழுந்துவிட்டால்? அதற்கு மேல் ஏறி இறங்க ஒரு கோயிலும் இல்லை, போவதற்கு ஒரு கடவுளும் இல்லை. திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் முன்னால் நின்றவர் விலகிவிட்டார்.

பேங்க் அக்கா அப்பத்தை எடுத்தார். உடனே கொண்டுவரவில்லை. ஒரு சாண் முன்னால் நிறுத்தி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கை வருதும்மா" என்றார். பிறகு எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னார்: "கிறிஸ்துவின் திருவுடல்."

அவளுடைய வலது முழங்கை விருட்டென்று எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்தாள். மார்போடு சேர்த்து அமுக்கி, விடாமல் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.